அமுக்கினான், தட்டவில்லை

அசோகன் தன் வாழ்நாளில் நானூறு தடவைக்குமேல் தட்டியிருப்பான். தொழிற்சங்க ஆண்டு விழாக்களில் தட்டியிருக்கிறான், மாதா கோயில் திருவிழா மைதானங்களில் தட்டியிருக்கிறான். ஒரு தடவை கொருக்குப்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள் என்று கல்யாண மண்டபத்து வாசலில் பந்தல் போட்டுத் தட்டியிருக்கிறான். எதிராளி பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொள்வான். அசோகன் கண்ணைப் பிதுக்குவான், நாக்கைத் தள்ளுவான், முன்வரிசைப் பிள்ளைகள் தொண்டை கிழிய "தட்டுடா! தட்டுடா!" என்று கத்துகிறவரைக்கும் இழுத்தடிப்பான். அப்புறம்தான் வலது கையை உயர்த்தி மேடைப் பலகையில் மூன்று அறை: 'தோத்தேன், உடு' என்று அர்த்தம். பலகைக்கு அடியில் காலி டிரம்மைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சத்தம் நாலு தெரு தாண்டும். துரை நடத்திய ரெஸ்லிங் குழுவில் அவன்தான் வில்லன். மேடைப் பெயர் 'கிரேன்' அசோக். தோற்பது அவனுடைய உத்தியோகம். பத்து வருஷம் அதை லீவு போடாமல் பார்த்தான்.

அவன் செத்து ஒரு வருஷம் முடியப்போகிற சமயத்தில் எர்ணாவூர் மெயின் ரோட்டில் ஒரு பேனர் எழுந்தது. இரண்டு ஆள் உயரம். அசோகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம், பின்னால் நெருப்பு. மேலே சிவப்பு எழுத்தில்: 'கடைசி மூச்சு வரை தட்டாதவன்.'

அவனுடைய அக்கா ரமாபாய் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்து, சரியாகத்தான் படித்தோமா என்று இன்னொரு தடவை படித்தாள். அவள் கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து உள்ளே போகிற பெட்டிகளின் நம்பர் எழுதுகிறவள். ஒரு எழுத்து மாறினால் ஒரு பெட்டி வேறு தேசத்துக்குப் போய்விடும். அதனால் எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். இரண்டாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. துரையின் குழுவுக்கு அவள்தான் ரெஃப்ரி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கழுத்தில் விசில். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், வில்லன் முடியைப் பிடித்து இழுக்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதும்தான் ரெஃப்ரி வேலை என்று ஜனங்கள் நினைத்தார்கள். அது ஜனங்களுக்காக. உண்மையான வேலை வேறு. கட்டிப் புரளுகிற இரண்டு பேரும் கூட்டத்துக்கு முன்னால் பேசிக்கொள்ள முடியாது. அதனால் கையால் பேசிக்கொள்வார்கள். பிடித்திருப்பவன் ஒரு தடவை லேசாக அமுக்கினால் 'நல்லா கீறியா?' என்று அர்த்தம். பிடிபட்டவன் திருப்பி ஒரு தடவை அமுக்கினால் 'நல்லாத்தான் கீறேன், நடத்து.' இரண்டு தடவை அமுக்கினால் 'உடு.' அதற்குமேல் பேச்சே கிடையாது. அந்த நொடியே பிடி தளர வேண்டும். பிடித்தவன் கவனிக்காவிட்டால் ரெஃப்ரி போய் அவன் தோளைத் தொடுவாள். துரையின் குழுவில் சேருகிற யாருக்கும் முதல் மாதம் விழுவதற்கும், இரண்டாம் மாதம் அமுக்குவதற்கும்தான் பயிற்சி. தட்டுவது நடிப்பு, எப்போது தட்ட வேண்டும் என்பது காலையிலேயே முடிவான விஷயம். அமுக்குவது மட்டும் நிஜம்.

இப்படிப் பழகிய அசோகனை எர்ணாவூர்க் கூண்டுக்குள் கூப்பிட்டது இசக்கிப்பாண்டி. லாரி ஷெட் வைத்திருந்தவர், ஷெட்டில் பாதியைக் காலி செய்து எட்டு மூலைக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நிறுத்தி, எம்.எம்.ஏ. சண்டை நடத்த ஆரம்பித்தார். அடி, உதை, பிடி எல்லாம் நிஜம். யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. காசிமேட்டுத் தீபன் அங்கே ராஜா. போன வருஷம் பாண்டி ஒரு வீடியோ போட்டார்: 'டிராமா ரெஸ்லிங்காரங்க யாராச்சும் நிஜக் கூண்டுக்குள்ள வாரீங்களா?' அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அசோகனுக்கு முப்பத்தொரு வயது. "ஒரே ஒரு தபா, முடிவு தெரியாம ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும்க்கா" என்றான். நாலு மாதம் பாண்டியின் ஷெட்டிலேயே பயிற்சி எடுத்தான். மே மாதம் தீபனோடு இறங்கினான். இரண்டாவது ரவுண்டில் தீபன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான். அசோகன் தட்டவில்லை. கழுத்துக்குள் ரத்தக் குழாய் கிழிந்துவிட்டது, மூளைக்கு ரத்தம் போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று நாள் இருந்தான்.

சாவுக்கு வந்தவர்கள் முதலில், "திமிரு. ஒரு தட்டு தட்டியிருந்தா பொழச்சிருப்பான்" என்றார்கள். ஆறு மாதம் போனதும் அதே பேச்சு மெல்லத் திரும்பிக்கொண்டது. "உசுரே போனாலும் தட்டலைடா, அவன் ஆம்பள" என்றார்கள். இரண்டும் ஒரே பொய் என்று ரமாபாய்க்கு அப்போது உறுதியாகத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அவள் அந்தச் சண்டையின் வீடியோவைப் பார்க்கவே இல்லை. பேனரைப் பார்த்த அன்று சாயங்காலம்தான் பார்த்தாள்.

அடுத்த நாள் இசக்கிப்பாண்டி வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்கு ஆப்பிளும் அழைப்பிதழுமாக வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அம்பேத்கர் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் நடுவில் அசோகன் படம் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். இருபத்தைந்து வருஷம் எர்ணாவூரில் இருந்தும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

"ஏம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. உம்ம மவன் பேர்ல கோப்பை வச்சிருக்கேன். நீங்கதான் ஷீல்டு வாங்கணும். ஆளாளுக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டுவானுவ பாருங்க."

அம்மா சொக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்து வருசம் தோத்துகினே கெடந்தான் நைனா. பொண்ணு குடுக்க வந்தவன்கூட 'உங்க புள்ள தெனமும் ஒத வாங்கறவனாமே'ன்னு கேட்டான். இப்பதான் அவன் பேரு மேல வந்துகீது."

"அந்த போர்ட எடுத்துடுங்க" என்றாள் ரமாபாய்.

"என்ன தாயி, ஃபோட்டோ சரியில்லையா?"

"எழுத்து சரியில்ல. அவன் உடச் சொன்னான். அமுக்கினான். வீடியோவுல கீது."

பாண்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அது ரெஸ்லிங் சமாச்சாரம்லா. கூண்டுக்குள்ள அதுக்கு அர்த்தம் கிடையாது. தட்டணும். தட்டல. அம்புட்டுதான்."

அவர் போனதும் சொக்கம்மாள் மகளிடம் திரும்பினாள். "உனுக்கு இன்னாடி வந்துது? என் புள்ளைய ஒருத்தன் தலைல தூக்கி வச்சிக்கிறான். அத்தக்கூடப் பொறுக்க மாட்டியா?"

ரமாபாய் ஆப்பிள் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். அம்மாவுக்கு அந்தப் பேனர் ஒரு பிடிமானம். அதைப் பிடுங்கினால் கையில் கொடுக்க அவளிடம் வேறு என்ன இருந்தது? 'உன் மகன் பயந்தான்' என்பதா? ஆனாலும் வீடியோவை அவளால் பார்க்காததாக ஆக்க முடியவில்லை. தீபனின் முன்கைமேல் அசோகனின் வலது கை இருக்கிறது. பிடியைப் பிய்க்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிய்க்கிறவன் விரல்களை உள்ளே நுழைப்பான், நகத்தால் கீறுவான். அசோகனின் கட்டைவிரல் கீழே, நாலு விரல் மேலே. மூடித் திறக்கிறது, மூடித் திறக்கிறது. பிறகு சும்மா இருக்கிறது. பிறகு மறுபடி இரண்டு தடவை. அந்த நடுவிலிருந்த சும்மாதான் அவளைத் தூங்கவிடவில்லை. பதில் வருவதற்கு அவன் இடம் விட்டிருந்தான்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காசிமேட்டுக்குப் போனாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் லாஞ்சுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நின்றன. மீன் வாடைக்குப் பதில் பெயின்ட் வாடை. கரையில் ஏற்றியிருந்த ஒரு படகின் அடிவயிற்றில் தீபன் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தகட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறார்கள்.

"அக்கா. குந்துங்க."

"நிக்கறேன். இத்தப் பாரு." ஃபோனை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "பாத்துட்டேன்க்கா. நெறைய தபா."

"அவன் கையி உனுக்குத் தெரிஞ்சுதா? உன் கைமேல."

பக்கத்துப் படகில் ஒருவன் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். அது நிற்கட்டும் என்று தீபன் காத்திருந்தான். நிற்கவில்லை.

"தெரிஞ்சுது. இன்னாடா இவன், பிடிய உடுவிக்காம மசாஜ் பண்ணிகினு கீறான்னு நெனச்சேன். ஏதோ டெக்னிக்கு, நம்பள டபாய்க்கிறான்னு நெனச்சேன். அதனால..." தன் முன்கையைப் பார்த்தான். "அதனால இன்னும் இறுக்கினேன்."

ரமாபாய் படகின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். சுரண்டிய இடம் சுட்டது.

"எங்க மேடையில அதுக்கு 'உடு'ன்னு அர்த்தம்."

"அப்பால துரை மாமாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகினேன். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா. பிராக்டீஸ்ல அவன் சும்மா தொட்டாலே தட்டுவானே! சிரிச்சிகினே தட்டுவான். 'மாமு, நான் ஊருக்கே ஃபேமஸான தட்டல்காரன்'னு பீத்திக்குவான். எங்ககிட்ட தட்டறது ஒண்ணும் கேவலமில்ல. புதுசா வர்றவனுக்கு மொத நாளே அதான் சொல்லித் தருவோம். ஒரு நாளைக்கு நானே முப்பது தபா தட்டுவேன். அன்னிக்கி மட்டும் ஏன் தட்டல?"

"பிராக்டீஸ் அவனுக்கு வெளையாட்டு. வெளையாட்டுன்னா தட்டுவான். தட்டறது அவனுக்கு எப்பவுமே வெளையாட்டுதான்டா. நெசமா உசுரு போறப்ப அவன் கையி நெசத்தப் பேசிச்சு. நெசத்துக்கு அவன்கிட்ட கெடந்த வார்த்த அது ஒண்ணுதான்."

தீபன் மணலில் உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்க ஆளுங்க ஒருத்தன ஒருத்தன் பத்திரமாப் பாத்துக்கறீங்க. எனக்கு அது சிரிப்பா இருந்துச்சு. நாங்க அந்த வேலைய ரெஃப்ரிகிட்ட குடுத்துட்டு கண்ண மூடிகினு புடிக்கிறோம். என் கைக்குள்ள ஒரு ஆளு கீறானே, அவன நான்தானே பாக்கணும்? அன்னிக்கி ரெஃப்ரி அந்தாண்டப் பக்கம் நின்னுகினு இருந்தாரு."

"எங்களது மட்டும் இன்னா வாழுது?" என்றாள் ரமாபாய். "போன தீபாவளிக்கு எங்க பையன் ஒருத்தன் முட்டி நெசமாவே திரும்பிப்போச்சு. 'ஐயோ, ஐயோ'ன்னு கத்தறான். மூணு வாட்டி தட்டறான். சனம் விசிலடிக்குது, அவன் எதிராளி சனத்தப் பாத்து மார்தட்டறான். எங்க மேடையில நெசமா அழுதாலும் கைதட்டல்தான். உங்க தட்டல் மாரி, பொய்யே கலக்காத ஒண்ணு எங்களுக்கு வேணும். எங்க அமுக்கல் உங்களுக்கு வேணும். ரெண்டு பேருக்கும் மத்தவங்க பாஷ தெரிஞ்சிருந்தா என் தம்பி இப்ப எதனா ஒரு மண்டபத்துல ஒத வாங்கிகினு இருப்பான்."

"இன்னா பண்ணப் போறீங்கக்கா?"

"ஞாயித்துக்கிழம சொல்லப் போறேன். எல்லாத்துக்கும் முன்னாடி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெயிலில் கண் கூசியதா, வேறு எதுவா தெரியவில்லை. "சொன்னா நான்தான்க்கா கொன்னவன். இப்ப வரைக்கும் அவன் தட்டல, அதனால செத்தான். நீங்க சொன்னீங்கன்னா, அவன் உடச் சொன்னான், நான் உடல."

"ஆமாம்" என்றாள் அவள். அவனுக்காக அதை மெதுவாகச் சொல்ல முயன்றாள், முடியவில்லை. "அதான் நடந்துது."

ஞாயிறு நாலு மணிக்கு ஷெட்டின் தகரக் கூரைக்கடியில் அடுப்புக்குள் இருப்பது போலிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, லாரி டயர்கள்மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சொக்கம்மாள் இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில். பக்கத்தில் துரை, குழுவில் மிச்சமிருந்த ஐந்து பேரோடு. தீபன் கூண்டின் வாசலுக்கருகே, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். வந்திருந்த பையன்களில் பாதிப்பேர் மார்பில் அசோகன் படமும் 'தட்டாதவன்' என்ற எழுத்தும் போட்ட பனியன் மாட்டியிருந்தார்கள்.

பாண்டி கூண்டுக்குள் நின்று பேசினார். வீரம், மானம், மண் என்று என்னென்னவோ வந்தது. பிறகு சொக்கம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றி ஷீல்டைக் கொடுத்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கிழவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஷீல்டை இடுப்புக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"இப்போ அசோகனோட அக்கா ரெண்டு வார்த்த பேசுவாங்க." மைக்கோடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டையும் பாண்டி நீட்டினார். 'என் தம்பி தோற்கவில்லை' என்று தொடங்கியது சீட்டு. ரமாபாய் வழக்கம்போல இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி தோத்தான்" என்றாள்.

சிரிப்பு ஒன்று பின்வரிசையிலிருந்து வந்து பாதியில் நின்றது.

"நானூறு தபா தோத்தான். அது அவன் தொழிலு. சோக்கா தோப்பான், நீங்கள்லாம் பாத்துகிறீங்க. இங்க தோத்தது நானூத்தி ஒண்ணாவது. அதுல எனக்கு ஒண்ணும் கேவலமில்ல. ஆனா தட்டாம வீம்புக்கு செத்தான்னு எழுதிப் போட்டுகிறீங்களே, அது பொய்யி. அவன் உடச் சொல்லிக் கேட்டான். ரெண்டு தபா அமுக்கினான். எங்க மேடையில அதுக்கு 'உடு'ன்னு அர்த்தம். யாருக்கும் புரியல. மறுபடி ரெண்டு தபா கேட்டான்."

"இன்னாக்கா, பயந்தாங்கொள்ளின்னா சொல்றே அவன!" என்று டயர்மேலிருந்து ஒரு குரல். 'ஓ'வென்று ஊளை எழுந்தது. பனியன் போட்டவர்களில் ஒருவன், "கிரேன் அசோக்கு!" என்று கத்த, மற்றவர்கள் "தட்டாதவன்!" என்று முடித்தார்கள். மறுபடியும். மறுபடியும்.

பாண்டி கண்ணைக் காட்ட, மைக் செத்தது.

பத்து வருஷம் டிரம் சத்தத்துக்கும் ஊதலுக்கும் மேலே எண்ணிப் பழகிய தொண்டை அது. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு ரமாபாய் சொன்னாள்: "கத்துங்க. கத்தி முடிங்க. நான் போகல."

கொஞ்ச நேரத்தில் கத்தல் தானாகவே தேய்ந்தது.

"ஏ தாயி" என்றார் பாண்டி, வாசலில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு நீ மூணாவது வரிசைல உக்காந்திருந்த. அங்கேருந்து உனக்கு என்னத்தத் தெரிஞ்சுது? வீடியோவ வச்சு இப்பக் கத கட்டுத."

"தெரிஞ்சுது" என்றாள்.

அம்மாவிடம்கூடச் சொல்லாதது அது. வீடியோ பார்க்கும்வரை தனக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாதது.

"மொதல் அமுக்கு தெரிஞ்சுது. பாத்ததும் எந்திரிச்சேன். என் காலு தானா எந்திரிச்சுது. எங்க மேடையா இருந்தா மூணு எட்டுல போயி இவன் தோளத் தொட்டுருப்பேன். அப்பால, இது நம்ப மேடையில்ல, இங்க நமக்கு இன்னா வேலன்னு குந்திட்டேன். குந்திட்டேன்யா. என் தம்பி ரெண்டாவது வாட்டி கேட்டப்ப நான் நாற்காலில குந்திகினு இருந்தேன். அதனால அவன் கேக்கவே இல்லன்னு எழுதிப்போட்டா எனக்குத்தான் நிம்மதி. இவனுக்கு நிம்மதி, உனக்கு நிம்மதி, அந்தாண்டப் பக்கம் நின்னுகினு இருந்த ரெஃப்ரிக்கு நிம்மதி. வோணாம். எனக்கு அந்த நிம்மதி வோணாம்."

கூட்டத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரும் எழுந்திருக்கவில்லை.

"தீபா" என்றாள். "நீ சொல்லு. உன் கையிதானே. கேட்டானா, கேக்கலயா?"

தீபன் தொப்பியைக் கழற்றினான். இந்த ஷெட்டில் அவன் பேரைச் சொன்னால் விசில் பறக்கும்; அன்றைக்கு ஒரு சத்தமில்லை. பாண்டி அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவன் அவரைப் பார்க்கவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தான்.

"கேட்டான்மா" என்றான், சொக்கம்மாளிடம். "ரெண்டு தபா. அப்பால கேப்பு உட்டு இன்னும் ரெண்டு தபா. எனக்கு அது புரியல. சத்தியமாப் புரியல. ஆனா கேட்டான்."

துரை தன் பெரிய கையைக் கிழவியின் தோளில் வைக்கப் போனார். சொக்கம்மாள் அதைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"இன்னான்னு கேட்டான்?"

"உடுன்னு."

"உடுன்னா... வூட்டுக்கு வரணும்னுதானே?"

 தீபன் தலையை ஆட்டினான்.

ரமாபாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்தாள். இனி வீட்டில் பேச்சு இருக்காது, சோறு இருக்காது, அந்தப் படத்துக்கு முன்னால் தான் உட்கார முடியாது என்று நினைத்தாள். சொக்கம்மாள் ஷீல்டை நாற்காலியின்மேல் வைத்தாள். நேராகப் பாண்டியின் முன்னால் போய் நின்றாள். அவருடைய சட்டைப் பொத்தான் உயரத்துக்குத்தான் இருந்தாள்.

"என் புள்ள வூட்டுக்கு வரணும்னு கேட்டுகிறான். நீ இன்னாத்துக்குடா அவன் சாவறதுக்கு ஆசப்பட்டான்னு போர்டு வச்சிகிறே? கயட்டுடா அத்த!"

"ஏம்மா, நீங்கதானே..."

"நான்தான் பல்ல இளிச்சிகினு வாங்கினேன். எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். கயட்டு! இதுங்க மாட்டிகினு கீதே பனியனு, அத்தயும் கயட்டச் சொல்லு. நாளைக்கு இதுல ஒண்ணு, தட்டாம செத்தா நமக்கும் போர்டு வைப்பாங்கன்னு கழுத்தக் குடுக்கும். அது ஆத்தாகாரி எங்கிட்ட வந்து கேட்டா நான் இன்னா சொல்வேன், ஷீல்டக் காட்டுவனா?"

பனியன் போட்ட ஒருவன் கைகளை மார்பில் கட்டி எழுத்தை மறைத்துக்கொண்டான். டயர்மேலிருந்தவன், "கெயவி சரியாத்தான்டா கேக்குது" என்று தன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

இசக்கிப்பாண்டி கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "சரி. பேசியாச்சு. பேனரப் பொறவு பாப்போம். இப்ப மொதல் சண்டக்கி நேரமாச்சு. எறங்கு தாயி."

முதல் ஜோடி கையுறை மாட்டி வாசலில் நின்றிருந்தது. ஒருவன் நீலக் கால்சட்டை, புளியந்தோப்பு. இன்னொருவன் சிவப்பு, தாழங்குப்பம். இரண்டு பேருக்கும் இருபது தாண்டியிருக்காது. ரெஃப்ரி பின்னாலேயே உள்ளே வந்தார். போன வருஷம் இருந்த அதே ஆள். அவர் ரமாபாயின் முகத்தைப் பார்க்காமல் தரையை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரமாபாய் கூண்டின் நடுவிலேயே நின்றாள்.

"இது என் கூண்டு" என்றார் பாண்டி.

"இருக்கட்டும்."

"ஆள வச்சு எறக்கணுமா?"

அதற்கு யாரும் முன்வரவில்லை. துரையின் ஆட்கள் ஐந்து பேரும் எழுந்து, கம்பிவலையை ஒட்டிச் சும்மா வந்து நின்றார்கள். மேடையில் அடிவாங்கி விழுவதற்கென்றே வளர்த்த உடம்புகள். ஒவ்வொன்றும் வாசலை அடைக்கிற அகலம். தீபன் கூண்டுக்குள் ஏறி ரமாபாய்க்குப் பின்னால் நின்றான்.

அவள் நீலக் கால்சட்டைக்காரனைப் பார்த்தாள். "உன் கழுத்த இவன் புடிச்சான். உனக்கு முடியல. இன்னா செய்வே?"

"தட்டுவேன்க்கா."

"கையி மாட்டிகிச்சு."

அவன் யோசித்தான். இதுவரை யாரும் அவனை இதைக் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "காலால தரைய ஒதைப்பேன். ரெண்டு தபா."

"என்கிட்ட சொல்லாத. இவன்கிட்ட சொல்லு. இவன் கையிலதான் நீ இருக்கப் போறே."

நீலம் சிவப்பைப் பார்த்தான். அரை மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்த முகம்; அதை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் முறைத்தபடியே சொன்னான்: "காலால ரெண்டு தபா ஒதச்சேன்னா உட்டுரு மாமு."

எங்கோ ஒருவன் சிரித்தான். சிவப்பு சிரிக்கவில்லை. "நான் தொடைல அடிச்சிக்குவேன். என் தொடைல. முடியலன்னா 'அம்மா'ன்னு கத்துவேன்."

"கத்தினா உடுவியா?" என்று ரமாபாய் நீலத்தைக் கேட்டாள்.

"உடுவேன்."

"சண்டைல வெறி ஏறிக் கீது. ஜெயிக்கப் போறே. அப்ப?"

"உடுவேன்க்கா. அப்பால திரும்பப் புடிச்சிக்கலாம்."

அவள் ரெஃப்ரியின் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா பாப்பீங்க? சத்தமா சொல்லுங்க."

அவர் பாண்டியைப் பார்த்தார். பிறகு கம்பிவலைக்கு வெளியே நாற்காலிமேல் தனியாகக் கிடந்த ஷீல்டையும், பக்கத்தில் நின்றுகொண்டே இருந்த சொக்கம்மாளையும் பார்த்தார். "நீலம் கால்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரெண்டு தபா. சிவப்பு தொட. இல்லன்னா அம்மா."

"இன்னும் சத்தமா."

அவர் ஷெட்டின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

"அடுத்த சண்டைக்கும் கேப்பேன்" என்றாள் ரமாபாய் பாண்டியிடம். "அதுக்கு அடுத்ததுக்கும். அடுத்த மாசம் என்ன உள்ள உடலன்னா வாசல்ல நின்னு கேப்பேன். வர்றவன ஒவ்வொருத்தனா நிறுத்திக் கேப்பேன்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"ஆமாம்."

அவள் கூண்டிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. உள்ளே இரண்டு பையன்களும் கையுறைகளை ஒருமுறை தொட்டுக்கொண்டு விலகினார்கள். சிவப்பு முதலில் பாய்ந்தான்.